தண்ணீர் ஊற்றாமல் சமையல்... புதுப் பாத்திரம் வாங்கப் போகிறீர்களா?

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நம்ம வீட்டுல ஒரு சின்ன சமையல் டெமோ இருக்கு. குடும்பத்தோட வந்துடுங்க. சாப்பாடும் இங்கேயேதான்!"

இப்படி ஓர் அழைப்பு உங்களுக்கும் வந்திருக்கலாம். போய்ப் பார்த்தால், ஹாலில் ஒரு மேஜை. அதன் மேல் பளபளவென்று கனமான எவர்சில்வர் பாத்திரங்கள். டை கட்டிய ஒருவர் கோஸ், கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் கழுவி நறுக்கிப் பாத்திரத்தில் அடுக்குவார். ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, எண்ணெய் கிடையாது. மூடியைப் போட்டு, அடுப்பை எரியவிட்டு, கொஞ்ச நேரத்தில் 'சிம்'மில் வைத்துவிட்டுப் பேச ஆரம்பிப்பார். பதினைந்து இருபது நிமிஷம் கழித்து மூடியைத் திறந்தால்... காய் அப்படியே நிறம் மாறாமல், பதமாக வெந்திருக்கும். வாயில் போட்டால் நிஜமாகவே ருசி! 'அட!' என்று எல்லோரும் வாய் பிளக்கும் நேரம் பார்த்து விலைப் பட்டியல் வெளியே வரும். ஒரு செட் பல ஆயிரம். சில செட்டுகள் லட்சத்தையும் தாண்டும். 'மாசா மாசம் கட்டிக்கலாம்' என்று ஆறுதல் வேறு.

வாங்கலாமா, வேண்டாமா? சொல்கிற விஷயங்கள் எல்லாம் உண்மையா? இந்தச் சமையல் வீட்டில் எல்லோருக்கும் ஏற்றதா? இந்த மூன்றாவது கேள்வியைத்தான் அந்த ஹாலில் யாரும் கேட்பதில்லை. அதற்குக் கட்டாயம் வருவோம். அதற்கு முன்னால் பாத்திரத்தைக் கொஞ்சம் உருட்டிப் பார்த்துவிடலாம்.

பாத்திரம் என்றால் காரைக்குடிப் பக்கத்தை விட்டுவிட்டுப் பேச முடியுமா? செட்டிநாட்டு வீடுகளில் பாத்திரத்துக்கென்றே தனி அறைகள் உண்டு. கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களை எல்லோரும் பார்க்கப் பரப்பி வைப்பது இங்கே ஒரு வைபவம். பித்தளை அண்டா, வெண்கல உருளி, இரும்புச் சட்டி, பர்மாவிலும் மலேயாவிலும் கொண்டுவிக்கப் போனவர்கள் கப்பலில் கொண்டுவந்த எனாமல் தூக்குகள், அப்புறம் வந்து சேர்ந்த எவர்சில்வர் என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் ஓர் அடுக்கு. வீடு பாகம் பிரிந்ததும் அதில் பெரும்பகுதி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்விட்டது. இப்போது வெளியூர்க்காரர்கள் அதே உருளியை விலை பேசி வாங்கிப் பூச்செடி வைக்கிறார்கள்! இத்தனை பாத்திரம் கண்ட ஊரில் 'தண்ணீர் இல்லாச் சமையல்' என்று புதிதாக ஒன்று வந்தால், 'இதில் அப்படி என்ன புதுசு?' என்று ஆச்சிமார் கேட்பது நியாயம்தானே?

மந்திரம் மூடியில் இருக்கிறது

புதுசு ஒன்றும் பெரிதாக இல்லை என்பதுதான் உண்மை. காய்கறியில் பெரும்பகுதி தண்ணீர்தான். சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காயில் 100-க்கு 95 பங்கு தண்ணீர். கோஸிலும் கீரையிலும் சுமார் 90. கேரட்டில் 88. கட்டி என்று நாம் நினைக்கிற உருளைக்கிழங்கிலேயே ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். கோழிக்கறியில்கூட 100-க்கு 70-க்கு மேல் உண்டு. ஆக, காய் வேகத் தேவையான தண்ணீர் காய்க்குள்ளேயே இருக்கிறது. நாம் செய்யவேண்டியது, அது ஆவியாகி ஓடிப்போகாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான்.

அதற்கு மூன்று விஷயம் வேண்டும். சூட்டை ஒரே சீராகப் பரப்புகிற கனமான அடி. விளிம்பில் நன்றாகப் பொருந்தி உட்காருகிற மூடி. சின்னத் தீ. காயிலிருந்து எழும் ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து, திரும்பத் தண்ணீராகி, மூடியின் ஓரத்தில் வளையமாகத் தேங்கும். அந்தத் தண்ணீர் வளையமே மேற்கொண்டு ஆவி வெளியேறாமல் அடைத்துக்கொள்ளும். 'வேக்குவம் சீல்' என்று டெமோவில் பெரிதாகச் சொல்வது பெரும்பாலும் இந்தத் தண்ணீர் வளையத்தைத்தான். சமைக்கும்போது உள்ளே வெற்றிடம் எதுவும் உண்டாவதில்லை. இறக்கி ஆறவைத்த பிறகுதான் ஆவி சுருங்கி மூடி கவ்விக்கொள்ளும். அப்படி மாட்டிக்கொண்டால் பலம்கொண்ட மட்டும் இழுக்காதீர்கள். அரை நிமிஷம் திரும்பச் சூடு காட்டினால் தானே விட்டுக்கொடுக்கும்.

நம் வீடுகளில் வாழைப்பூவோ கொத்தவரங்காயோ வதக்கும்போது சட்டியை ஒரு தட்டால் மூடி, தட்டின் மேல் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றிவைப்பது உண்டு. நினைவு வருகிறதா? மேலே இருக்கும் தண்ணீர் தட்டைக் குளிர வைக்கும். உள்ளே எழும் ஆவி தட்டின் அடியில் பட்டுச் சொட்டுச் சொட்டாகக் காய் மேலேயே விழும். காய் அடிபிடிக்காமல் வேகும். தேவைப்பட்டால் தெளித்துக்கொள்ளத் தட்டின் மேல் வெதுவெதுப்பான தண்ணீரும் தயார். லட்ச ரூபாய்ப் பாத்திரத்தின் தத்துவமும் இதேதான்!

சரி, இதில் உடம்புக்கு என்ன லாபம்? வைட்டமின் சி-யும், ஃபோலிக் அமிலம் முதலான பி வகை வைட்டமின்களும் தண்ணீரில் கரைகிறவை. கீரையை நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டினால், வைட்டமின் சி-யில் பாதி வரை சாக்கடைக்குத்தான் போகும். தண்ணீர் விடாமல் வேகவைத்தால் இந்த நஷ்டம் கணிசமாகக் குறையும். முழுக்க இல்லாமல் போகாது, ஏனென்றால் வைட்டமின் சி சூட்டிலும் கெடும். '98 சதவிகிதச் சத்து அப்படியே இருக்கும்' என்று யாராவது அடித்துச் சொன்னால், எந்தச் சத்து, எந்தக் காயில், யார் அளந்தது என்று கேட்டுப் பாருங்கள். இன்னொன்றும் சொல்லவேண்டும். வேகவைத்த தண்ணீரை ரசத்திலோ குழம்பிலோ சேர்த்துவிடுகிற வீட்டில் கரைந்த சத்து வீணாவதே இல்லை. செட்டிநாட்டு 'மண்டி'யை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி களைந்த தண்ணீரை ஊற்றி வெண்டைக்காய் மண்டி செய்கிறார்கள். அரிசியிலிருந்து கரைந்துபோகிற பி வைட்டமின் கொஞ்சமாவது குழம்பு வழியாக இலைக்குத் திரும்பி வந்துவிடுகிறது. தண்ணீர் அருமையான வறண்ட சீமை ஆச்சே. முற்றத்தில் விழும் மழையைக்கூட அண்டாவில் பிடித்து வைத்த ஊர் இது!

மற்ற லாபங்களும் உண்டு. தாளிக்க ஒரு ஸ்பூன் எண்ணெய் போதும். காயின் சொந்த ருசி வெளியே போகாததால் உப்பும் கொஞ்சம் குறைவாகவே பிடிக்கும். ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்புச் சேர்க்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இது நல்ல செய்தி. ஆனால் 'இந்தப் பாத்திரத்தில் சமைத்தால் சர்க்கரை குறையும், கேன்சர் வராது' என்பதெல்லாம் வியாபாரப் பேச்சு. காதில் வாங்கிக்கொள்ளவே வேண்டாம்.

ஆப்ப சோடா வித்தை

டெமோவில் இன்னொரு காட்சி நிச்சயம் இருக்கும். உங்கள் வீட்டு அலுமினியப் பாத்திரத்தை வாங்கி, தண்ணீரில் ஆப்ப சோடா போட்டுக் கொதிக்கவைத்து, ஒரு ஸ்பூன் ருசிக்கத் தருவார்கள். சகிக்காது! அவர்கள் பாத்திரத்தில் கொதித்த சோடாத் தண்ணீர் அவ்வளவு மோசமாக இருக்காது. 'பார்த்தீங்களா, இத்தனை நாளா இந்த விஷத்தைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்துட்டு இருந்தீங்க' என்பார்கள். வயிற்றைக் கலக்கும்.

கலங்க வேண்டாம். சோடா காரம். அலுமினியம் காரத்தில் அரிபடும். அந்தக் கசப்பு அதனால் வருவது. நாம் சோடாக் கரைசலைக் குழம்பாக வைத்துச் சாப்பிடுவதில்லையே? ஆனால் அலுமினியத்தில் புளிக்குழம்பு வைப்பது சரி என்றும் அர்த்தமில்லை. புளிப்பிலும் அது கரையும். ஒருவர் ஒரு வாரத்தில் எவ்வளவு அலுமினியம் வரை தாங்கலாம் என்பதற்கு ஐ.நா.வின் உணவுச் சேர்மான நிபுணர் குழு 2011-ல் வகுத்த அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2 மில்லிகிராம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும், புளிப்பான சட்னி, சாம்பார் போன்றவற்றை அலுமினியம், இரும்பு, ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் வைக்கக் கூடாது என்கிறது. மண்பாண்டத்துக்கு முதல் மரியாதை தரும் அதே வழிகாட்டுதல், எவர்சில்வரையும் பாதுகாப்பானது என்றே சொல்கிறது.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? அலுமினியத்தை இவ்வளவு திட்டிவிட்டு விற்கிறார்களே, அந்தக் கனமான பாத்திரத்தின் வயிற்றுக்குள் இருப்பது பெரும்பாலும் அலுமினியம்தான்! எவர்சில்வர் சூட்டைக் கடத்துவதில் மகா சோம்பேறி. அதைவிடச் சுமார் 15 மடங்கு நன்றாகக் கடத்தும் அலுமினியம். செம்பு சுமார் 25 மடங்கு. அதனால் இரண்டு எவர்சில்வர் தகடுகளுக்கு நடுவே அலுமினியத்தைச் 'சாண்ட்விச்' மாதிரி வைத்து அழுத்தி விடுகிறார்கள். மூன்று அடுக்கு, ஐந்து அடுக்கு, ஏழு அடுக்கு என்பதெல்லாம் இந்தக் கணக்குத்தான். உணவில் படாதவரை தப்பில்லை. நல்ல ஏற்பாடுதான். அலுமினியத்தை விஷம் என்று சொல்லி அலுமினியத்தையே விற்பதுதான் இடிக்கிறது.

துருப்பிடிக்காத ரகசியம்

காரைக்குடிக்கும் இந்த விஷயத்துக்கும் இன்னொரு சம்பந்தம் உண்டு. 'செக்ரி' என்று ஊரே செல்லமாகக் கூப்பிடும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1953-ல் திறக்கப்பட்டது இங்கேதான். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால் வந்தது. உலோகம் ஏன் அரிக்கிறது, எப்படித் தடுக்கலாம் என்று ஆராய்வது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. 'எவர்சில்வர் துருப்பிடிக்காதா?' என்ற கேள்விக்கு அந்த அறிவியல் தரும் பதில் சுவாரஸ்யமானது. இரும்போடு குறைந்தது 10.5 சதவிகிதம் குரோமியம் சேர்ந்தால், காற்றுப் பட்டதும் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் உண்டாகும். அதுதான் காவல். கீறினாலும் திரும்ப வளரும். 1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்பவர் இந்த வகை உருக்கை உருவாக்கினார். நம் சேலத்தில் உருக்காலை வந்தது 1981-ல்.

ஆனால் அந்தப் படலத்துக்கும் ஓர் எதிரி உண்டு. உப்பு! கல் உப்பு அடியில் கரையாமல் கிடந்தால், அந்த இடத்தில் படலம் ஓட்டையாகிக் குட்டிக் குட்டிப் புள்ளிகளாகக் குழி விழும். தண்ணீரே ஊற்றாத சமையலில் உப்புக் கரைய நேரமாகும் என்பதால் இந்த ஆபத்து அதிகம். எனவே உப்பை எப்போதும் காய் ஆவி கண்ட பிறகு, அல்லது வெந்து முடிந்த பிறகு மேலாகத் தூவிக் கிளறுங்கள்.

கடையில் என்ன பார்ப்பது?

பலர் கையோடு ஒரு காந்தம் எடுத்துப் போகிறார்கள். 'காந்தம் ஒட்டாவிட்டால் ஒரிஜினல்' என்று நம்பிக்கை. பாதி உண்மைதான். நல்ல ரகமான 304-லும் காந்தம் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிச் செய்யும் மலிவு ரகமான 200 வரிசையிலும் ஒட்டாது! போதாக்குறைக்கு, இண்டக்‌ஷன் அடுப்புக்கென்று செய்த உயர்ந்த பாத்திரத்தின் அடியில் வேண்டுமென்றே காந்தம் ஒட்டும் ரகத்தை வைத்திருப்பார்கள். ஆகவே காந்தத்தை வைத்து முடிவுகட்டாதீர்கள்.

304 என்பதைத்தான் '18/8' என்றும் எழுதுகிறார்கள். 18 சதவிகிதம் குரோமியம், 8 சதவிகிதம் நிக்கல். '18/10'-ல் நிக்கல் கொஞ்சம் கூடுதல். 'சர்ஜிக்கல் ஸ்டீல்' என்று மருத்துவமனைப் பெயர் சூட்டி விற்பது பெரும்பாலும் 316. அதில் 2 முதல் 3 சதவிகிதம் மாலிப்டினம் இருப்பதால் உப்பையும் புளியையும் இன்னும் நன்றாகத் தாங்கும். வீட்டுச் சமையலுக்கு 304 தாராளமாகப் போதும். பாத்திரத்தின் அடியில் ரகமும், ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். எவர்சில்வர் பாத்திரங்களுக்கான தர எண் ஐ.எஸ். 14756. இந்த முத்திரையைக் கட்டாயமாக்கி மத்திய அரசு 2024-ல் ஆணை பிறப்பித்தது.

அப்புறம் கையில் தூக்கிப் பாருங்கள். கனம் தெரியவேண்டும். அடியில் ஒரு ஸ்கேலை வைத்து மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். அடியில் மட்டும் தட்டு ஒட்டிய பாத்திரமா, பக்கவாட்டிலும் அடுக்கு ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். கேஸ் அடுப்பில் தீ பக்கங்களில் ஏறும். ஒற்றைத் தகடான பக்கம் உடனே கருகும். அடுக்கு மேல்வரை போயிருந்தால் நல்லது. மூடியைப் போட்டுச் சுற்றிப் பாருங்கள். ஆடக் கூடாது. விளிம்பில் தண்ணீர் தேங்க ஒரு பள்ளம் இருக்கவேண்டும். மூடியின் குமிழுக்கும் கைப்பிடிக்கும் மாற்று உதிரிப் பாகம் கிடைக்குமா என்பதையும் விசாரித்துவிடுங்கள். 'ஆயுள் கேரண்டி' பாத்திரத்தில் முதலில் போவது அதுதான்.

அளவு மிக முக்கியம். காய் பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்காவது நிறைந்திருந்தால்தான் இந்த முறை பலிக்கும். காலி இடம் அதிகமானால் அங்கே காற்றுத்தான் சூடாகும், காய் காய்ந்துபோகும். நாலு பேர் குடும்பத்துக்கு 2 அல்லது 3 லிட்டரில் ஒரே ஒரு பாத்திரம் வாங்கி, ஆறு மாதம் சமைத்துப் பாருங்கள். பதினேழு சாமான் கொண்ட செட்டை ஒரே நாளில் வாங்கிப் பரணில் ஏற்றுவதற்கு நம் வீடுகளில் இனி இடமில்லை.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. செலவே இல்லாத பரிசோதனை. வீட்டில் இருக்கும் அடி கனமான பாத்திரத்தில் அளந்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடுங்கள். ஆவி வந்ததும் சின்ன பர்னரில் 'சிம்'மில் 15 நிமிஷம் வையுங்கள். ஆறியபின் திரும்ப அளந்து பாருங்கள். கால் பங்குக்கு மேல் குறையாமல் இருந்தால், அந்தப் பாத்திரமே உங்கள் 'வாட்டர்லெஸ் குக்வேர்'. நிறையக் குறைந்துவிட்டதா? மூடியின் மேல் தண்ணீர் தட்டு வைத்து இன்னொரு முறை செய்து பாருங்கள்.

டெமோ பார்த்த வேகத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். நேரடி விற்பனைக்கென்று மத்திய அரசு 2021-ல் விதிகள் கொண்டுவந்திருக்கிறது. விற்பனையாளர் முன்கூட்டியே நேரம் கேட்டுத்தான் வீட்டுக்கு வரவேண்டும். அடையாள அட்டை காட்டவேண்டும். விலை, பணம் கட்டும் முறை, பொருளைத் திருப்பித் தரும் நிபந்தனை எல்லாவற்றையும் சொல்லவேண்டும். எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அடுப்பில் வைத்த பிறகு

செய்முறை சுலபம். அவரைக்காய்த் துவட்டலையே எடுத்துக்கொள்வோம். பாத்திரத்தில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுக் கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய் தாளியுங்கள். சின்ன வெங்காயத்தை அடியில் பரப்புங்கள். அது சீக்கிரம் தண்ணீர் விடும், மேலே இருக்கும் காயைக் காப்பாற்றும். கழுவிய அவரைக்காயைப் பிழிந்து உதறாமல், ஒட்டியிருக்கும் ஈரத்தோடு போடுங்கள். மூடி, நடுத்தரத் தீயில் மூன்று நாலு நிமிஷம். விளிம்பில் லேசாக ஆவி தெரிந்ததும் தீயை அடியோடு குறையுங்கள். மூடியைச் சுண்டிவிட்டால் தண்ணீர் வளையத்தின் மேல் வழுக்கிச் சுற்றும். அதுதான் அடையாளம். இனி பத்துப் பன்னிரண்டு நிமிஷம் திறக்கக் கூடாது. 'வெந்துடுச்சா' என்று அஞ்சு தரம் திறந்து பார்த்தால் அஞ்சு தரம் ஆவி போச்சு. அப்புறம் அடிபிடிக்கத்தான் செய்யும். கடைசியில் உப்பும் தேங்காய்ப்பூவும்.

கீரைக்கு நாலைந்து நிமிஷம் போதும். பச்சை நிறம் மங்காமல் இருக்க முதல் ஒரு நிமிஷம் திறந்தே வதக்கிவிட்டு மூடுங்கள். கீரையிலிருந்து எழும் அமில ஆவி வெளியேறினால் நிறம் தங்கும். நாலாக நறுக்கிய உருளைக்கிழங்குக்கு 20 முதல் 25 நிமிஷம் ஆகும். அசைவக்காரர்களுக்கு இந்தப் பாத்திரத்தில் அருமையாக வருவது உப்புக்கறி. மசாலா அரைக்கும் வேலை இல்லை. சின்ன வெங்காயம், பூண்டு, வற்றல் மிளகாயோடு கறி தன் தண்ணீரிலேயே நிதானமாக வெந்து சுண்டும். ஆட்டுக்கறிக்கு முக்கால் மணி நேரமாவது ஆகும், பொறுமை வேண்டும். அவசரமென்றால் பிரஷர் குக்கரே போடுங்கள். பருப்புக்கும் குக்கர்தான் சரி. குக்கரில் சூடு அதிகம் என்றாலும் நேரம் குறைவு, தண்ணீரையும் கொட்டுவதில்லை. அதனால் சத்து அப்படி ஒன்றும் பாழாகிவிடுவதில்லை.

யாருக்கு ஆகாது?

இதைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்கிறேன்.

வீட்டில் யாருக்காவது சிறுநீரகம் பழுதடைந்து, 'பொட்டாசியம் குறைவாகச் சாப்பிடணும்' என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரா? அவர்களுக்கு இந்தச் சமையல் கூடாது! நல்ல சிறுநீரகம் அதிகப்படி பொட்டாசியத்தை வெளியேற்றிவிடும். பழுதானது வெளியேற்றாது. அது ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். உயிருக்கே ஆபத்து. அதனால்தான் அவர்களுக்குக் காயைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுச் சமைக்கச் சொல்கிறார்கள். தண்ணீரோடு பொட்டாசியமும் கணிசமாகப் போய்விடும். தண்ணீரே விடாமல் சமைத்தால் அத்தனையும் காயிலேயே தங்கும். மற்றவர்களுக்கு எது லாபமோ, அதுவே இவர்களுக்கு நஷ்டம். சர்க்கரை வியாதியும் ரத்தக் கொதிப்பும் பல வருஷமாக உள்ளவர்களுக்குச் சிறுநீரகம் சத்தமில்லாமல் பழுதாகியிருக்கலாம் என்பதால், அப்பத்தாவுக்காகவோ ஐயாவுக்காகவோ 'ஹெல்த்தி'யாகப் புதுப் பாத்திரம் வாங்கும் முன் அவர்களுடைய கிரியாட்டினின், பொட்டாசியம் ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டி ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஒரே வீட்டில் இரண்டு விதமாகச் சமைக்க நேர்ந்தாலும் பரவாயில்லை.

சிறுநீரகக் கல் வந்தவர்களும் பசலை போன்ற ஆக்சலேட் அதிகமான கீரைகளை வேகவைத்துத் தண்ணீரை வடித்துச் சாப்பிடுவதே மேல்.

தண்ணீர் இல்லாமல் சமைக்கவே கூடாத பொருள்களும் உண்டு. மரவள்ளிக் கிழங்கில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. தோலை நன்றாகச் சீவி, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிடவேண்டும். ராஜ்மாவும் அப்படித்தான். பச்சை ராஜ்மாவில் உள்ள நச்சு, கொதிநிலையில் நன்றாக வெந்தால்தான் போகும். அரைகுறைச் சூட்டில் நிதானமாக வேகவைத்தால் வாந்தி, வயிற்றுப்போக்கு நிச்சயம். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் குக்கரில் வேகவிடுங்கள். கருணைக்கிழங்கு மசியலுக்கும் புளித்தண்ணீரோ அரிசி களைந்த தண்ணீரோ இருந்தால்தான் நாக்கு பிழைக்கும்!

கவரிங் தோடு போட்டால் காது அரிக்கிறது, வாட்ச் பட்டை பட்ட இடம் தடிக்கிறது என்பவர்களுக்கு நிக்கல் ஒவ்வாமை இருக்கலாம். புது எவர்சில்வரில் தக்காளி, புளி போன்றவற்றை நெடுநேரம் கொதிக்கவைத்தால் கொஞ்சம் நிக்கல் உணவில் இறங்கும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், தக்காளிச் சாற்றைத் திரும்பத் திரும்பக் கொதிக்கவைத்தபோது இப்படி இறங்கும் அளவு குறைந்துகொண்டே வந்து, ஆறாவது தடவைக்குப் பிறகு நிலைப்பட்டது. ஆகவே புதுப் பாத்திரத்தில் முதல் சில தடவை புளித்தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொட்டிவிட்டுப் பிறகு புழங்க ஆரம்பிக்கலாம். மற்றவர்கள் இதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. தோலில் ஏற்கனவே தொந்தரவு உள்ளவர்கள் மட்டும் தோல் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கழுவுவதில் கவனம்

பாத்திரத்தில் நீலமும் மஞ்சளுமாக வானவில் நிறம் தெரிந்தால், காலியாகவோ பெருந்தீயிலோ காய்ந்துவிட்டது என்று அர்த்தம். உடம்புக்குக் கெடுதல் இல்லை. எலுமிச்சை மூடியோ புளியோ தேய்த்தால் போய்விடும். உப்புத் தண்ணீர் ஊர்களில் படியும் வெள்ளைத் திட்டுக்கும் அதே வைத்தியம். அடிபிடித்தால் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். கம்பி நார் போட்டுப் பிறாண்டாதீர்கள். பளபளப்பு போய், அடுத்த தடவை இன்னும் அதிகமாகப் பிடிக்கும். பிளீச்சிங் பவுடர் கலந்த தூள் பக்கமே போகவேண்டாம். அதிலும் எவர்சில்வரைக் குழி பறிக்கும் குளோரின் சமாசாரம்தான்.

மிஞ்சிய புளிக்குழம்பையும் ஊறுகாயையும் இதே பாத்திரத்தில் ராத்திரி முழுக்க விட்டுவைக்கவேண்டாம். சாப்பாடு முடிந்ததும் கண்ணாடிக் கிண்ணத்துக்கோ பீங்கான் ஜாடிக்கோ மாற்றிவிடுங்கள். பரணில் பாட்டி காலத்து ஜாடி ஒன்று சும்மாதானே கிடக்கும், இறக்கிக் கழுவுங்கள்.